நரைத்த மீசையோடு பிறந்த பாலன்

பச்சைக் குழந்தையின் முகத்திலிருந்து நரைத்த மீசையை எப்படி எடுப்பது? போன கிறிஸ்துமஸிலிருந்து யோசிக்கிறேன், இன்னும் விடை கிடைக்கவில்லை. (பதறாதீர்கள், என் குழந்தைக்கு இல்லை. இது அதைவிடப் பெரிய இடத்து விவகாரம்.)

எல்லாம் லியோவால் வந்தது. என் கணவரின் அண்ணன் மகன், பிரான்சில் படிக்கிறவன். கோடை விடுமுறைக்குக் காரைக்கால் வந்தபோது டப்பா நிறையச் சாம்பல் நிறப் பொம்மைகளைக் கொண்டுவந்தான். கட்டைவிரல் உயரத்தில் பூதங்கள், குள்ளர்கள், சூனியக்காரிகள், ஓர் எலும்புக்கூட்டுப் படை. ஏதோ மேசை விளையாட்டாம், வண்ணம் நாமே பூச வேண்டுமாம். "சித்தி, நீங்க நல்லா கோலம் போடுவீங்கல்ல? இதுவும் வரும்" என்று என் கையில் தூரிகையைத் திணித்தான்.

வந்தது! முதலில் ஒரே நிறமாக அடித்துவிட வேண்டும். பிறகு கரும்பழுப்பு வண்ணத்தை டிகாஷன் மாதிரி நீர்க்கக் கரைத்து மேலே விட வேண்டும். இதற்கு 'வாஷ்' என்று பெயர். அது தானாக ஓடிப்போய்ப் பள்ளங்களில் தங்கிவிடும். சுருக்கம், மடிப்பு, விலா எலும்பு எல்லாவற்றிலும் நிழல் விழுந்து, பூதம் நம்மை முறைக்கும். காய்ந்த பிறகு, வறண்ட தூரிகையில் வெளிர் நிறத்தைத் தொட்டு மேலாக உரசினால் மேடுகள் பளிச்சிடும். அவ்வளவுதான். கேஸை மூடினேனா என்று பார்க்கப் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு திரும்புகிறவள் நான். யோசிக்காமல் ஊற்றினாலே நன்றாக வருகிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான். லியோ ஊருக்குக் கிளம்புவதற்குள் பூதப்படை முழுவதையும் முடித்துவிட்டேன். கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

டிசம்பரில் லியோவின் அப்பா, கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கச் சொரூபங்கள் அனுப்பினார்: மாதா, அவர் கணவர் சூசையப்பர், இடையர்கள், ஆடுகள், பாலன் இயேசு. விரல் உயரம், வெள்ளை வெளேரென்று. என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாரும் பவுடர் டப்பாவுல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்காங்களேடி. இத வச்சுக்கிட்டு எப்புடி ஜெயிக்கிறது?"

ஜெயிக்க வேண்டியது, எங்கள் அன்பியத்தின் (கோயிலில் எங்கள் தெருக்காரர்களின் குழு) குடில் போட்டியை. முந்தைய வருடம் எதிர்வீட்டு ஜோசபின் அக்கா குடிலில் நீர்வீழ்ச்சி வைத்துப் பரிசைத் தட்டிக்கொண்டு போனதிலிருந்து, அத்தை அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை.

"நான் கலர் பண்ணித் தரேன் அத்தை" என்றேன். (யார் கேட்டார்கள்?)

ஃபாதர் பார்வையிட வரும் நாளன்றுதான் உட்கார்ந்தேன். அடைமழை, ஈரக்காற்று, எதுவும் காய்கிற வழியாக இல்லை. மேசை விசிறியை வைத்துக்கொண்டேன். ஆடுகள் அற்புதமாக வந்தன. கடைசியாகப் பாலன். வாஷை விட்டதும், வழவழப்பான கன்னத்தில் இருப்பதை ஈரம் காய்வதற்குள் ஒற்றி எடுக்க வேண்டும். துணியைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் சத்தமே இல்லை.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், அமைதியைப் போல் பயங்கரம் வேறில்லை. ஓடினேன். என் ஐந்து வயது மகள் செலின், லியோ விட்டுப்போன ஓர் எலும்புக்கூட்டுக்குப் பொறுமையாக முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். பொம்மையின் தலையை எண்ணி, கையை எண்ணி, எதையாவது விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், விசிறி தன் வேலையை முடித்திருந்தது. கன்னத்து வாஷெல்லாம் மூக்குக்குக் கீழே ஒதுங்கிக் காய்ந்திருந்தது. பாலனுக்குக் கறுகறுவென்று மீசை.

சரிசெய்கிறேன் என்று வெள்ளையைத் தொட்டு உரசினேன். மீசை நரைத்தது. புருவமும் நரைத்தது.

அப்போதுதான் மற்றச் சொரூபங்களையும் நிமிர்ந்து பார்த்தேன். என் கைக்குப் பூதங்களைத்தான் தெரியும் போலிருக்கிறது. அத்தை வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இது யாரு?"

"சூசையப்பர், அத்தை."

"கரண்ட் இல்லாம ஒரு வாரம் தூங்காத மாதிரி இருக்காரு. இவனுவ?"

"இடையருங்க."

"ஆட்டத் திருட வந்தவனுவன்னுல்ல நெனச்சேன்! பாலன் எங்க?"

உள்ளங்கையை விரித்தேன். அத்தை பாலனைப் பார்த்தார். சுவரில் பிரெஞ்சுப் பட்டாள உடையில், நரைத்த மீசையோடு மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி பாலனைப் பார்த்தார்.

"அடிப்பாவி, என் மாமனார படுக்க வச்சிருக்கியேடி!"

வாசலில் குடைகள் மடங்கும் சத்தம். பாலனைக் கடுகு டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

ஃபாதர், ஜோசபின் அக்கா, அன்பியத்துக்காரர்கள் எல்லோரும் குடில் முன் நின்றார்கள். ஃபாதர் குனிந்து பார்த்தார். "பாலனக் காணுமே?"

அத்தை அசரவில்லை. "இன்னும் பொறக்கலையே சாமி! இருபத்து நாலாந்தேதி ராத்திரி பூசை முடிஞ்சுதானே வைக்கணும்?"

"பாத்தீங்களா!" என்று ஃபாதர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "எல்லா வீட்லயும் இப்பவே பொறந்துட்டாரு. இவங்கதான் மொறையா காத்திருக்காங்க. இடையருங்க மொகத்துலயும் நல்ல உழைப்பு தெரியுது."

ஜோசபின் அக்காவின் முகம் சுண்டியது. அத்தையின் கண் பரிசு பெற்ற கண்ணாகவே மாறிவிட்டது.

அப்போது அடுக்களையிலிருந்து செலின் ஓடிவந்தாள், கையைத் தூக்கிக்கொண்டு. "சாமி, சாமி! பொறந்துட்டாரு! கடுகு டப்பாவுல!"

ஃபாதர் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, பாலனுக்கு மீசையா?"

"லேட்டா பொறந்தா அப்புடித்தான் சாமி" என்றார் அத்தை.

ஃபாதர் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஜோசபின் அக்கா, எங்கள் வீட்டில் ஒரு வருடமாகச் சிரிக்காதவர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிசு மறுபடியும் நீர்வீழ்ச்சிக்கே போனது. ஆனால் பொங்கல் வரைக்கும் கூட்டம் எங்கள் வீட்டில்தான். இப்போது எங்கள் வீட்டில் யார் எதற்குத் தாமதமாக வந்தாலும், முதலில் மூக்குக்குக் கீழேதான் பார்க்கிறோம்.

இந்த வருடம் லியோவின் அப்பா, பாவம், புதிதாக ஒரு வெள்ளைப் பாலனை அனுப்பியிருக்கிறார். செலின் அதைத் தொட மாட்டேன் என்கிறாள். "இது நம்ம பாலன் இல்ல." அத்தையோ, கோயிலுக்குக் கிளம்பும்போது மீசைப் பாலனிடம், "வரேன் மாமா" என்று ரகசியமாகச் சொல்வதை நானே கேட்டேன்.

எனவே வாசகர்களே, மீசையை எடுக்கவா, விட்டுவிடவா? எடுக்கச் சொல்பவர்கள், மூக்கு கரையாமல் எடுக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். விட்டுவிடச் சொல்பவர்கள், குடிலின் ஒரே தீவனத் தொட்டியில் இரண்டு பேரைப் படுக்கவைக்கலாமா என்று சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். புதிய பாலன் கடுகு டப்பாவில் காத்திருக்கிறார்.