அனுபவசாலிக்கு ஏற்ற கமரா

“படம் வடிவாத்தான் எடுப்பார். ஆனா அந்தக் கமரா எங்கட கலியாணத்துக்கும் வந்தது. எனக்கு இப்ப மூண்டு பிள்ளையள்.”

கலியாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில், சேலை நனையாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒரு பெண் இன்னொருத்திக்குச் சொன்னது இது. அவளுக்குப் பின்னால் சாம்பார் விரல்களோடு வரிசையில் நின்றவர் படப்பிடிப்பாளர் குகதாசன். அவர் கையைக் கழுவாமலே திரும்பிப் போய்விட்டார்.

நெளுக்குளத்தில் வீட்டின் முன்னறையையே ஸ்ரூடியோவாக்கிப் பதின்மூன்று வருடமாகப் படம் எடுப்பவர் குகதாசன். அந்தப் பதின்மூன்று வருடமும் ஒரே கமரா. டி.எஸ்.எல்.ஆர். வகையில் ஆகக் கீழ்ப்படியில் உள்ளது. பிடி தேய்ந்து வழுவழுப்பாகி, பட்டி இரண்டு தரம் தைக்கப்பட்டு, அது கிட்டத்தட்ட அவருடைய மூன்றாவது கையாக மாறியிருந்தது. அன்று மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது அந்தக் கை அவருக்கு முதன்முறையாகக் கூச்சம் தந்தது. சந்தி வருவதற்கிடையில் சபதம் எடுத்துவிட்டார். புதிய மிரர்லெஸ் கமரா ஒன்று வாங்குவது. அடுத்த மாதம் பட்டாணிச்சூர் ஹமீட் நானாவின் மகள் றிஸானாவின் கலியாணத்தில் அதைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நிற்பது.

சபதத்தில் ஒரேயொரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் சிவரூபி.

அந்த வீட்டில் மனைவி ரூபி தலையாட்டாமல் கறிவேப்பிலைக் கன்றுகூட நட்டதில்லை. அதுவுமல்லாமல், ரூபிக்கும் கமரா விஷயத்தில் ஒரு பழைய வழக்கு இருந்தது. குகதாசன் எடுக்கும் படங்களைக் கொம்பியூட்டரில் திருத்துபவள் அவள்தான். முகப்பருவை அழிப்பாள். மொட்டைத்தலையின் பளபளப்பைக் குறைப்பாள். கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்து வைப்பாள். இரண்டு வருடமாக அவள் கேட்பது ஒன்றே ஒன்று: “என்னையும் ஒருக்கா எடுக்க விடுங்கோவன்.”

குகதாசனின் பதிலும் இரண்டு வருடமாக ஒன்றே ஒன்று.

“உது விளையாட்டுச் சாமானோ? எப்பேச்சர், சட்டர், ஐ.எஸ்.ஓ. மூண்டும் மூண்டு மாடு. ஒண்டை இழுத்தா மற்றது மிரளும். ஆகக் குறைஞ்சது பத்து வருச அனுபவம் வேணும். பாரம் வேற. உன்ர கை தாங்காது.”

அரிசி மூட்டையைக் கடைக்காரனிடமிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைப்பது ரூபியின் அதே கைதான் என்பதை அவர் சேர்த்துக்கொள்வதில்லை.

வவுனியாவில் கமரா விற்கும் நிஷாந்தன், “ஒரு கிழமை வைச்சுப் பாருங்கோ அண்ணை, பிடிச்சா எடுங்கோ” என்று ஒரு மிரர்லெஸ்ஸைக் கொடுத்துவிட்டான். குகதாசன் அதைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

“உதென்ன, கமரா குட்டி போட்டிட்டுதோ?” என்றாள் ரூபி.

“மிரர்லெஸ்.”

“அப்பிடியெண்டா?”

“பழைய கமராவுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கு. படம் எடுக்கேக்க அது மேல எழும்பி விழும். அதுதான் அந்த டக் சத்தம். இதுக்குள்ள கண்ணாடி இல்லை.”

“கண்ணாடி இல்லாததுக்கு விலை குறைவாக்கும்.”

“கூட.”

“கண்ணாடி வைச்ச அலுமாரிக்குத்தானேயப்பா விலை கூட?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தக் கமராப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. குகதாசன் வாதாடும் எண்ணத்தைக் கைவிட்டார். அவரிடம் இன்னொரு திட்டம் இருந்தது. ஒரே காட்சியை இரண்டு கமராவாலும் எடுப்பது. எது எதால் எடுத்தது என்று சொல்லாமல் ரூபியின் முன் வைப்பது. எது நல்லம் என்று அவளே தன் வாயால் சொல்லட்டும். சொன்ன பிறகு எப்படி மறுப்பாள்?

பக்கத்து வீட்டு வடிவம்மா அக்காவில்தான் பரிசோதனை தொடங்கியது. பழைய கமராவுக்கு முன்னால் அவா சிரித்தா. டக் என்றது. சிரிப்பை மடித்து உள்ளே வைத்துவிட்டா. புதியதுக்கு முன்னாலும் சிரித்தா. ஒரு சத்தமும் இல்லை. அவா தொடர்ந்து சிரித்துக்கொண்டே நின்றா.

“எடு தம்பி.”

“எடுத்திட்டன் அக்கா.”

“எங்கை எடுத்தனீ? சத்தத்தைக் காணேல்ல. கெதியா எடு, எனக்கு வாய் நோகுது.”

“பத்துப் படம் எடுத்தாச்சு.”

“நானும் கலியாண வீட்டுப் படம் எத்தினை பாத்தனான், என்னைப் பேய்க்காட்டாத.” கடைசியில் குகதாசன் தன் வாயால் “டக்” என்று சொன்ன பிறகுதான் அவா அசைந்தா.

பிறகு கோழி, முருங்கை, பொழுதுபட்ட நேரத்துக் கோயில் விளக்கு என்று பத்துக் காட்சிகள். பழைய கமராவால் எடுக்கும்போது அவருடைய கை சற்று ஆடிவிட்டது. தற்செயலாகத்தான். பத்துத் தடவையும் தற்செயலாக.

பரீட்சைக்கு ஒரு சாட்சியும் வேண்டும் என்று நினைத்தார். ரூபி விடிந்ததும் பேச்சு மாறினால் என்ன செய்வது? ஆகவே கலியாண அல்பம் பற்றிக் கதைக்க வரச்சொல்லி, ஹமீட் நானாவை ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு அழைத்தார். ஹமீட் நானா துணிக்கடைக்காரர். இரண்டு துணியைத் தொட்டுப் பார்த்து எது எந்த ஊர் மில் என்று சொல்பவர். அவர் முன்னால் சொன்ன சொல், சொன்னதுதான்.

படங்கள் மேசையில் பரப்பப்பட்டன. ரூபி தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“இது. இது. இதில இது...”

பத்துக்குப் பத்தும் புதிய கமரா. குகதாசனுக்கு உச்சி குளிர்ந்தது.

“தங்கச்சிக்கு என்ன கண்!” என்றார் ஹமீட் நானா.

“வடிவான கமராதான்,” என்றாள் ரூபி. “ஆனா உதைப் பழகுறது கஷ்டமாக்கும்?”

இதுதான் கடைசிக் கதவு என்று குகதாசன் நினைத்தார். இதையும் திறந்துவிட்டால் உள்ளே போய்விடலாம்.

“கஷ்டமோ! சும்மா பிடிச்சாக் காணும். அது தன்ர பாட்டில கண்ணைத் தேடிப் பிடிக்கும். ஆள் நடந்தாலும் விடாது, பின்னாலயே போகும். படம் எப்பிடி வரும் எண்டு எடுக்க முந்தியே காட்டிப்போடும். சின்னப் பிள்ளையும் எடுக்கும்!”

“பாரம்?”

“ஒரு பேணி பால்மா அளவுதான்.”

“சத்தம்?”

“இருட்டில பூனை நடந்த மாதிரி.”

“அப்ப பழசு?”

“பழசு வேற கதை. அது மடக்கி வேலை வாங்கவேண்டிய சாமான். அதுக்கு அனுபவம் வேணும்.”

“உங்களுக்கு எத்தினை வருசம்?”

“பதின்மூண்டு!” என்று நெஞ்சை நிமிர்த்தினார் குகதாசன்.

ஹமீட் நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இதைக் கேக்கத்தான் தம்பி நான் வந்தனான். றிஸானாவின்ர உம்மா ஜொஹறா கண்டிப்பாச் சொல்லிவிட்டவா, பொம்பிளையளின்ர பக்கம் பொம்பிளை ஒராள்தான் படம் எடுக்க வரோணும் எண்டு. ஒருத்தரும் அம்பிடேல்ல. சின்னப் பிள்ளையும் எடுக்கும் எண்டா, தங்கச்சி எடுக்கமாட்டாவோ?”

குகதாசனின் நெஞ்சு, நிமிர்ந்த வேகத்திலேயே இறங்கியது.

“ரூபியோ? எடுப்பா, எடுப்பா. பழசைக் குடுத்துவிடுறன்.”

“ஐயோ, பழசோ!” ரூபி இரண்டு அடி பின்னால் போனாள். “அது மூண்டு மாடு நானா. ஒண்டை இழுத்தா மற்றது மிரளும். பத்து வருசம் வேணும். பாரமும் எல்லோ? இவர்தான் சொல்லுறவர், என்ர கை தாங்காதாம்.”

“அது சரி,” என்றார் ஹமீட் நானா, இரண்டு துணியைத் தொட்டுப் பார்த்த முகத்தோடு. “இலேசானதைத் தங்கச்சிக்குக் குடுங்கோ. அனுபவசாலிக்கு எதைக் குடுத்தாலும் சரிதானே?”

அனுபவசாலி ஓம் என்று தலையாட்டினார். வேறு எந்தப் பக்கமாக ஆட்டுவது?

ஹமீட் நானா போன பிறகு குகதாசன் நெடுநேரம் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“பத்துக்குப் பத்து எப்பிடிச் சரியாப் பிடிச்சனீ?”

“உங்கட பழைய கமராவுக்குள்ள ஒரு தூசி கிடக்கு. எடுக்கிற படமெல்லாத்திலயும் இடப்பக்க மூலையில ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. ஆறு வருசமா அதை ஒவ்வொண்டா அழிக்கிறது ஆர்?”

“அப்ப பாத்த உடனயே தெரிஞ்சிட்டுதோ?”

“கோழியில தெரிஞ்சுது. மிச்சம் ஒன்பதும் உங்கட முகத்துக்காகப் பாத்தனான்.”

நிஷாந்தனுக்குக் காசு கட்டியாயிற்று. அந்த மாதம் முழுக்க ரூபி புதுக் கமராவோடு கோழிக்குப் பின்னால் திரிந்தாள். கோழிக்கும் பழகிவிட்டது. குகதாசன் மனதுக்குள் ஒரு நம்பிக்கை வைத்திருந்தார். கோழி வேறு, கலியாணம் வேறு. ஐம்பது பெண்கள் சுற்றி நின்று ஐம்பது விதமாகச் சொல்லும்போது ரூபி திக்குமுக்காடிப் போவாள். பத்து நிமிடம். கூடினால் பதினைந்து. கமராவைக் கொண்டுவந்து தன் கையில் தந்துவிடுவாள்.

கலியாணத்தன்று மண்டபத்தை நடுவில் ஒரு பச்சைத் திரை இரண்டாகப் பிரித்திருந்தது. ரூபி மிரர்லெஸ்ஸோடு திரைக்கு அந்தப் பக்கம் போனாள். குகதாசன் டி.எஸ்.எல்.ஆரோடு இந்தப் பக்கம் நின்றார். நிக்காஹ் அரைமணியில் முடிந்தது. பிறகு எடுப்பதற்கு இருந்ததெல்லாம் ஆறு ஆறு பேராகப் பெரிய தட்டைச் சுற்றியிருந்து புரியாணி சாப்பிடும் ஆண்கள். டக். இன்னொரு தட்டு. டக். சாப்பிடும் ஆணை எந்தக் கமராவால் எடுத்தாலும் சாப்பிடும் ஆண்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பும் வளையல் சத்தமும். பத்து நிமிடம் போயிற்று. பதினைந்தும் போயிற்று. ஒரு மணித்தியாலமும் போயிற்று. யாரோ “இன்னொருக்கா எடுங்கோ அக்கா, இது நல்லா வந்திருக்கு” என்றார்கள்.

திடீரென்று திரை அசைந்தது. நடுவில் ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. ரூபியின் கைதான். குகதாசன் ஓடிப்போனார். வழியிலேயே குரலைக் கனிவாக்கிக்கொண்டார்.

“என்ன, ஃபோகஸ் வரேல்லையோ? பரவாயில்லை. கொண்டா, நான் பாக்கிறன்.”

“அது தன்ர பாட்டில வருது. பற்றரி முடிஞ்சுது. சின்னக் கமராவெண்டாலும் பற்றரியை விழுங்குது. வந்த உடன மற்றதை உங்கட பக்கத்துச் சுவரில சார்ஜ் ஏத்தக் கொழுவி விட்டனான், அதைத் தாங்கோ. கெதியா. மணப்பொம்பிளையை வெளியில கூட்டிவரப் போகினம்.”

“நான் உள்ளுக்கு வந்து போட்டுவிடட்டோ?”

“ஆம்பிளையள் வரேலாது.”

கை விரிந்தபடியே காத்திருந்தது.

குகதாசன் சுவரடிக்குப் போய், நிறைந்த பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தார். அவள் நீட்டிய தீர்ந்த பற்றரியை வாங்கிச் சார்ஜரில் கொழுவினார். பிறகு ஒரு கதிரையை இழுத்து, அதன் சிவப்பு விளக்குக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.