க்ளோசப் அழுத காட்சி

‘க்ளோசப்’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த பையன் கேமராவை நம்பிய அளவுக்குச் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் யாரும் கடவுளைக்கூட நம்பியதில்லை. சாப்பிடும்போதும் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

எங்கள் ஏழு பேரை வைத்து ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடப் படம் எடுத்தார்கள். பிளஸ் டூ கலாட்டா, கொஞ்சம் கண்ணீர், எல்லாரும் புதுமுகம். நான்கு நாள் ஓடியது. யாரோ அதை இணையத்தில் ஏற்றியிருக்க, போன வாரம் அஸ்தம்பட்டி வீட்டில் மகளோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்.

க்ளோசப் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் லாரிக்குப் போகச் சொன்ன அப்பாவிடம் மல்லுக்கட்டி நடிக்க வந்தவன். வகுப்புக் காட்சியில் நாங்கள் வாத்தியாரைப் பார்ப்போம். அவன் கேமராவைப் பார்ப்பான்.

“டேய், வாத்தியார் அங்க இருக்கார்டா!” என்று டைரக்டர் கத்துவார்.

“அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியுமுங்க. நான் எங்க இருக்கேன்னு ஜனங்களுக்குத் தெரியோணுமில்லீங்க?”

கடைசி பெஞ்சுக்குத் தள்ளினார்கள். அவனுக்கென்று மிஞ்சியது ஒரே காட்சி. பரீட்சையில் தோற்றுவிட்டு அப்பாவிடம் அழ வேண்டும். கிளிசரினை நீட்டினார்கள்.

“வேண்டாங்க. எங்கப்பனை நெனச்சா தன்னால வருமுங்க.”

வந்தது. கட் சொன்ன பிறகும் நிற்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியிலும் அழுதான். அழுதுகொண்டே இரண்டாவது அப்பளம் கேட்டான். அன்று ஒருநாள்தான் அவன் கேமராவைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் நான் அழும் காட்சி. மூன்று சொட்டு கிளிசரின், ஒரே டேக்.

சென்னையில் டப்பிங்குக்கு ஆறு பேரை மட்டும் கூப்பிட்டார்கள். “ஒரு படத்துக்கு ஒரு அழுகை போதும்மா, அவன் சீனைத் தூக்கிட்டோம். அவன்கிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு” என்றார் டைரக்டர். சரி என்று தலையாட்டினேன். ஊர் திரும்பியதும் அவனே போன் செய்தான்.

“ஏனுங்க, என்னைய டப்பிங்குக்குக் கூப்பிடலையே?”

“உங்க குரல் ஷூட்டிங்லயே நல்லாப் பதிஞ்சிருச்சாம்” என்றேன். அவ்வளவு எளிதாக வாயில் வந்தது.

படம் வெளியான அன்று, ராசிபுரம் தியேட்டர் வாசலில் ஒரு லாரி நிறையச் சொந்தபந்தத்தை இறக்கினான். அவன் அப்பா சலவை வேட்டியில் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். இடைவேளையில், எப்போது வருவாய் என்று மாமன்மார் துளைத்தார்கள்.

“செகண்ட் ஆப்லதானுங்க வாரேன்” என்றான்.

வரவில்லை. என் அழுகைக்குக் கைதட்டல் கிடைத்தது. விளக்குப் போட்டதும் அவன் அப்பா எழுந்து அவன் தோளைத் தொட்டார்.

“ஊட்டுக்குப் போலாம் சாமி.”

அடுத்த வாரமே அவன் போர்வெல் லாரி ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

“நீ அழறது சூப்பர்மா” என்றாள் மகள், போன வாரம் படம் முடிந்ததும். சமையலறைக்குள் போய், ஒரு பழைய நண்பரிடம் அவன் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். இத்தனை வருடம் கழித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம்.

“அன்னைக்குத் தியேட்டர்லயே தெரிஞ்சு போச்சுங்க” என்றான். பிறகு, “ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, எங்கப்பனையாச்சும் ஊட்டுலயே உட்டுட்டு வந்திருப்பனுங்க.”

“அப்பா எப்படி இருக்காங்க?”

“போயிட்டாருங்க. அந்தப் படத்துக்கப்புறம் கடைசி வரைக்கும் அவரு ஒரு படமும் பாக்கலீங்க.”

மன்னிப்பு என்ற சொல்லை நான் தேடி எடுப்பதற்குள், வேலை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

அந்தக் காட்சி இன்று எங்கேயும் இல்லை. அது எடுக்கப்பட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அப்படி ஒரு நடிப்பை அதற்குப் பிறகு நான் எந்தத் திரையிலும் பார்க்கவில்லை.