பள்ளத்துக்குள் போன நாற்பத்தொரு பக்கம்

ஆபிரிக்காவின் வீதிகளை நினைத்து பிரஷர் மாத்திரை விழுங்கிய தமிழர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரோடு இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடி வீடொன்றில் ஆறு வருடம் ஒரே அறையைப் பங்குபோடும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. இளவயதில் மலாவியில் வீதி வேலைகளை மேற்பார்வை பார்த்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘ஓவசியர்’. சொந்தப் பெயர் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அட்டையில் மட்டும் இருந்தது.

பகலில் லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியக் கனவானை, சிஞ்ஞோரை, பராமரிக்கும் வேலை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவார்; பள்ளம் கண்ட இடத்தில் நிறுத்தி, சிஞ்ஞோரின் கைத்தடியைப் பிடுங்கி ஆழம் பார்ப்பார். சிஞ்ஞோருக்கும் பரம சந்தோஷம். அரசாங்கத்தைத் திட்ட ஒரு சாட்டு வேண்டுமே.

வீட்டுக்கு வந்தால் எழுத்து. ‘வளர்முக ஆபிரிக்க நாடுகளில் வீதிகளையும் போக்குவரத்தையும் சீர்செய்தல்’ என்று தலைப்பு. நாங்கள் சமைக்கும்போது அதை உரத்து வாசிப்பார். ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டேன்.

“அண்ணை, மலாவியிலை ஒருத்தரும் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லையே?”

“கேட்டால் சொல்லுறவன் கூலிக்காரன். கேக்காமல் சொல்லுறவன்தான் நிபுணன்.”

“ஓம் ஓம்.”

“பல்லைக் காட்டாதை. புது றோட்டுத் திறக்க மந்திரி வருவார், றிபன் வெட்டுவார். பள்ளம் நிரப்ப எந்த மந்திரி வருவார், சொல்லு பாப்பம்?”

அவருடைய கொள்கைகள் ஆபிரிக்காவுக்குப் போகுமுன் எங்கள் மீது பரிசோதிக்கப்பட்டன. வீதியைத் துண்டு துண்டாகப் பிரித்து அந்தந்தக் கிராமத்திடம் பராமரிக்கக் கொடுக்க வேண்டும் என்பது நாலாம் அத்தியாயம். ஆகவே மாடிப்படி ஆளுக்கொரு துண்டாகப் பிரிக்கப்பட்டு, இரண்டாம் மாடி வளைவைக் கூட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அளவுக்கு மிஞ்சிய பாரம்தான் வீதியைத் தின்கிறது என்பது ஆறாம் அத்தியாயம். இரண்டு அரிசி மூட்டையோடு ஏறிய பக்கத்து அறைக்காரரை வழிமறித்து, ஒன்றைக் கீழே திருப்பி அனுப்பினார். “விசர் மனுசன்” என்று அவர் திட்டியது ஐந்தாம் மாடிவரை கேட்டது.

அப்போதுதான் நான் காப்பி பரிமாறும் ஹோட்டலில் ஆபிரிக்க அதிகாரிகளுக்கு ஒருநாள் கூட்டம் வந்தது. வீதிகளைப் பற்றித்தான்! கூட்டத்தின் மொழிபெயர்ப்பாளரிடம் கெஞ்சி, காப்பி இடைவேளையில் ஓவசியருக்குப் பத்து நிமிடம் வாங்கினேன். அன்று பின்னேரமே அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். மனிதர் நாற்பத்தொரு பக்கத்தையும் கையாலேயே ஆங்கிலத்தில் திருத்தி எழுதி, தடித்த மட்டை போட்டுக் கட்டினார். பிரதி எடுக்கச் சொன்னால் கேட்கவில்லை. “கண்டவன் களவெடுத்துப் போடுவான்!”

கூட்டத்தன்று காலை கோட்டும் டையுமாக என்னோடு இறங்கினார். ஒழுங்கைக்குள் கூட்டத்தின் பெயர் ஒட்டிய ஒரு சிறிய பஸ் நின்றது. கூட்டத்துக்கு முன் சீசா அரண்மனையைப் பார்க்க வந்த அதே அதிகாரிகள்! குழாய்க்காரர்கள் கிண்டி, வெறும் மண்ணால் மூடிய பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கிச் சேற்றில் சுற்றியது. அதன் பின்னால் ஓர் அம்புலன்ஸ் வழியில்லாமல் அலறியது. பல்கனிகளிலிருந்து தெருவே ஆலோசனை சொன்னது. பழக்கடைக்காரர் கொடுத்த மரப்பெட்டியைச் சக்கரம் அப்பளம்போல் நொறுக்கியது.

“அண்ணை, உவைதான் அவை! பைலைக் குடுங்கோ!”

“பள்ளத்துக்குள்ளை நிக்கிற ஆக்களுக்கு அறிக்கை குடுக்கக் கூடாது. முதல் வெளியிலை எடுப்பம்.”

அம்புலன்ஸைப் பார்த்தார். பைலை ஒருமுறை பார்த்தார். கோட்டோடு சேற்றில் முழங்காலிட்டு, அதைச் சக்கரத்தின் அடியில் செருகி, “அவாந்தி! முன்னாலை எடு!” என்று கத்தினார். பஸ் துள்ளி வெளியே வந்தது. பின்னால் அம்புலன்ஸ் துரத்த, நிற்காமல் ஓடிவிட்டது. பள்ளத்தில் நாற்பத்தொரு பக்கமும் கூழாகக் கிடந்தது.

“வாங்கோ அண்ணை, வாயாலையெண்டாலும் சொல்லலாம்.”

“வெறுங்கையோடை என்னெண்டு வாறது? நீ போ. வேலைக்குப் பிந்தப் போகுது.”

டையை அவிழ்த்து, அதாலேயே முழங்கால் சேற்றைத் துடைத்தார். நான் ஹோட்டலுக்கு ஓடினேன்.

காப்பி இடைவேளையில், அதிகாரிகளில் மலாவியிலிருந்து வந்த ஓர் அம்மா, யாரோ ஒரு மனிதர் தன் கடதாசிக் கட்டைச் சக்கரத்துக்குக் கொடுத்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டோடு நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. என் அரைகுறை ஆங்கிலத்தில், “மேடம், அது உங்களுக்காக எழுதினது” என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “அதில் என்ன எழுதியிருந்தது?”

வாயைத் திறந்தேன். முதலில் மழைத்தண்ணீர் வடிய வழி, பிறகுதான் வீதி. ஊருக்கு ஒரு துண்டு. பாரம் மிஞ்சின லொறியை நிறுத்து. புதியது போடுமுன் பழையதைத் திருத்து. அத்தியாயம் அத்தியாயமாக வந்துகொண்டே இருந்தது. வெங்காயம் வெட்டிய ஆறு வருடமும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மா பேனாவை எடுத்து, மெதுவாகச் சொல்லும்படி கேட்டார். காப்பி ஆறியது. மனேஜர் முறைத்தார். முறைக்கட்டும்.

கடைசியில், “எழுதியவர் உங்களுக்கு யார்?” என்று கேட்டார்.

கொஞ்சமும் கூசாமல், “என் கூடப்பிறந்த அண்ணன்” என்றேன்.