அத்தானின் மீசை குறித்து என் கத்தியின் தரப்பு விளக்கம்

அண்டம் அதிரப் பேசும் என் அருமை மருமகள் வாயாடிக்கு,

மரத்தூள் மண்டலத்தின் மாமன்னனான உன் தாய்மாமன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் என் பத்து விரல்களும் நலம். அங்கே உன் அம்மாவின் கோபம் நல்ல உறக்கத்தில் இருக்குமென நம்புகிறேன்.

விஷயம் இதுதான்: உன் அப்பாவுக்கு மீசை இல்லை. பதறாதே, ஆள் இருக்கிறார். மீசை மட்டும்தான் காலமாகிவிட்டது. அவர் வீடு வந்து சேருமுன் உன் அம்மாவைப் பக்குவப்படுத்தும் பொறுப்பை உன் தலையில் வைக்கிறேன். அந்த மீசையைப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டினேன் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிகிறவள் என் அக்கா. நீ முன்கூட்டிப் பேசிவைக்காவிட்டால், வாசலில் நிற்பவரை யாரென்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த வண்டியிலேயே இங்கு வந்து என் கருவிகளை மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவாள்.

நடந்ததைக் கேள். மரம் செதுக்குகிறவன் கடையில் கத்தி வாங்குவது, பாடகன் கடையில் தொண்டை வாங்குவதற்குச் சமம் என்பது என் கொள்கை. எனவே இரும்பு அறுக்கிற, உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றைத் தேய்த்துத் தேய்த்துக் கத்தியாக்கி, உன் அத்தையின் துடைப்பக் கட்டையில் ஒரு துண்டு அறுத்துப் பிடி போட்டேன். குடைக்கம்பி பிறவியிலேயே குழிவானது, நுனியைத் தீட்டினால் அருமையான குழி உளி. அவள் குடையிலிருந்தும் ஒரு கம்பியை உருவினேன். (அன்றிலிருந்து அத்தை மழையில் ஒரு பக்கமாக நனைகிறாள்.) பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, பற்பசை தடவி, கத்தியை அதில் இழுத்து இழுத்துத் தீட்டினேன் பார், அந்தப் பளபளப்பில் பக்கத்து வீட்டுக்காரர் தன் விளக்கை அணைத்துவிட்டார்! கூர் ஏறிவிட்டதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு: முன்கை முடியை மெல்ல வழித்துப் பார்ப்பது. என் இடது கை வழுக்கையானது, வலது கை வழுக்கையானது, கால்களும் தீர்ந்தன. அத்தையைக் கை நீட்டச் சொன்னேன். "கிட்ட வந்தீங்க, தலையில மிச்சம் இருக்கிறதும் இருக்காது" என்றாள். அந்த நேரம் பார்த்து விருந்தாளியாக வந்து சேர்ந்தார் உன் அப்பா. கை இரண்டும் அடர்ந்த காடு. உள்ளே மான் நுழைந்தால் திரும்ப வழி தெரியாது.

அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தபோது, கையில் ஓரிரு முடி மட்டும் இரவல் வாங்கலாமென்று குனிந்தேன். என் சட்டையிலிருந்த மரத்தூள் அவர் மூக்கில் விழ, வீட்டு ஓடுகள் இடம் மாறும்படி ஒரு தும்மல் போட்டார். கத்தி இருந்த இடத்தில்தான் இருந்தது, முகம்தான் எழுந்து வந்தது. வலப்பக்க மீசை என் சட்டைப்பையில் வந்து உட்கார்ந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அவ்வளவு கூர்!

"என்ன மாப்ளே, மூஞ்சியில காத்தடிக்குது?"

"ஜன்னல் திறந்திருக்கு அத்தான்."

"ஒரு பக்கம் மட்டுமா அடிக்கும்?"

அடுத்த பக்கத்துக்கும் காற்று வரச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே குற்றம் முழுக்க என் கத்தியுடையது. உன் அப்பா பச்சைக் குழந்தை. இப்போது பார்ப்பதற்கும் அப்படித்தான். சமாதானப் பரிசாக நான் செதுக்கிய ஆந்தை ஒன்று அவரிடம் வருகிறது. உருளைக்கிழங்கு என்று நினைத்து அம்மா நறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்.

நோய்நொடி அண்டாமல், நாக்கு மழுங்காமல் நீ நீடு வாழ்க.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பி.கு.: இதுவரை உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று வரி வரியாகப் படித்தார். இப்போதுதான் குளிக்கப் போனார். என் கத்தி வெண்ணெயைக்கூடக் கெஞ்சிக் கேட்டுத்தான் வெட்டும். என் கைகால் வழுக்கையெல்லாம் ஷேவிங் பிளேடின் கைங்கரியம், அத்தை முன் மானம் காக்கச் செய்தது. மீசையை உன் அப்பாவே தெருமுனை சலூனில் எடுத்துவிட்டு வந்தார். "உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துடணும்னு தோணுச்சு மாப்ளே. நானே எடுத்தேன்னு உங்க அக்காகிட்ட சொல்ல தைரியம் இல்ல. பழியை உன் கத்தி மேல போட்டுடேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கத்தியும் எதையோ வெட்டியது என்று சாட்சி சொல்ல உலகத்தில் முதல் ஆள் கிடைத்திருக்கிறார், விடுவேனா? அம்மாவிடம் மூச்சு விடாதே. உண்மை தெரிந்தால் உன் அப்பாவின் மீசையாவது திரும்ப வளர்ந்துவிடும், என் கத்தியின் மானம் வளருமா?