ஜன்னல் இல்லாத வெளிச்சம்

உலகத்தில் எத்தனையோ வகை வள்ளல்கள் உண்டு. சோறு கொடுப்பவர், துணி கொடுப்பவர், கேட்காமலே புத்தி கொடுப்பவர். நான் சொல்ல வந்தது ஒளிவள்ளலைப் பற்றி. இன்னும் கட்டாத வீட்டைக் கணினியில் கட்டிக் காட்டுவது இவர் தொழில். எந்த அறையில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று உள்ளது உள்ளபடி காட்டத்தான் சம்பளம். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: அலுவலகத்தின் திரைச்சீலைகளையெல்லாம் இழுத்து மூடிவிட்டு, இருட்டில் உட்கார்ந்து வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறவர் அவரேதான்.

அவர் திரையில் 'ஆம்பியன்ட்' என்று, இழுத்தால் ஏறி இறங்கும் ஒரு பட்டை உண்டு. சுற்றொளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலும் தரையிலும் பட்டுத் தெறித்து அறையில் பரவுகிற மிச்ச வெளிச்சத்தின் அளவு அது. உப்பு மாதிரி, சிட்டிகை போதும். வள்ளலுக்கோ கை தாராளம். மூலை கறுப்பாகத் தெரிகிறதா? ஏற்று. கட்டிலுக்கு அடியில் நிழலா? ஏற்று. நிழல் செத்துப்போய் நாற்காலி அந்தரத்தில் மிதக்கிறதா? "ஃபீல் சூப்பரா வருதுல்ல?" என்பார்.

இவரிடம் சொந்த அக்காவே வந்து மாட்டினாள். துணி தைத்துப் பிழைக்கிறவள். கண் கொஞ்சம் மங்கல். வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டி, பகல் வெளிச்சத்தில் தைக்க வேண்டும் என்பது அவள் நெடுநாள் ஆசை. தம்பி இருக்கிற தைரியம். தம்பியோ, ஜன்னல் வர வேண்டிய சுவர் முழுக்க அலமாரி வைத்து அழகு பார்த்தார். படம் இருண்டுபோனது. விடுவாரா? சுற்றொளியைப் பட்டையின் கடைசி வரைக்கும் இழுத்தார். அறை ஜொலித்தது.

"ஏண்டா, ஜன்னலையே காணோமே. இவ்ளோ வெளிச்சம் எங்கேருந்து வருது?"

"அது ஆம்பியன்ட்டுக்கா. சுத்திலும் இருக்கும், தானா வரும்."

"தானா எப்பிடிடா வரும்?"

"என் தொழிலை எனக்கே சொல்லித்தர்றியா?"

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்கா தலையாட்டினாள். அறை வந்தது. வெளிச்சம் மட்டும் வரவில்லை. பட்டப்பகலில் விளக்கைப் போட்டால் அவள் நிழலே தையல்மேல் விழுந்தது. அணைத்தால் ஊசியே தெரியவில்லை. பாவம், வாங்கி வைத்த துணியெல்லாம் தைக்காமல் கிடந்தது.

வள்ளல் வந்து பார்த்தார். தப்பை ஒப்புக்கொள்வாரா? அந்த வழக்கமே இந்த இனத்தில் கிடையாது. கைபேசியை எடுத்தார், அறையைப் படம் பிடித்தார், விரலால் பிரகாசத்தை ஏற்றினார், அக்காவிடம் நீட்டினார்.

"இந்தா பாரு. நான் காட்டினது அச்சு அசல் அப்படியே இருக்கு!"

அக்கா படத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். ஊசியையும் நூலையும் அவர் கையில் திணித்தாள்.

"அப்போ நீ அதுக்குள்ள போய் கோத்துக் குடு."

கோத்தாரா? விரலில்தான் குத்திக்கொண்டார். பிறகு அலமாரியை எடுத்துவிட்டு, சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். உடைக்கிற தூசிக்கு நடுவே நின்றுகொண்டு, "இந்த ஜன்னல் நான் முதல்லயே யோசிச்சதுதான்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாராம்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், ஊர் பார்க்க நீங்கள் கைபேசியில் வைத்திருக்கும் உங்கள் படத்தை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை, கழுத்தில் சுருக்கம் இல்லை, முகமெல்லாம் ஜொலிப்பு. ரொம்ப சந்தோஷம். அந்த வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக வந்தது?