பதினாலாம் கட்டம்: பனி உண்டா?

காருக்கு டயர் தேயும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். அவர்கள் கார் இன்னும் பழசாகவில்லை.

அம்மாசியின் கார் பழசாகியிருந்தது. பதினைந்து வருஷம். பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் அவர் ஊர். வீட்டு வாசலில் வெள்ளைக் கார். ஐந்து பேர் போகலாம் என்று கம்பெனி சொன்னது. அம்மாசி குடும்பம் அதில் ஒன்பது பேராகக் குலசாமி கோயிலுக்குப் போய் வந்திருக்கிறது. இப்போது நாலு டயரிலும் ரோட்டைப் பிடிக்கிற பட்டன் மருந்துக்கும் இல்லை. தடவினால் வழுக்கைத் தலையைத் தடவின மாதிரி இருந்தது.

மகள் மஞ்சுளா ராசிபுரத்திலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். தை முதல் வாரம் என்று சேலத்து டாக்டரம்மா நாள் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில்தான் ஐப்பசி மழையில், ஏரிக்கரை வளைவில், கார் தன் இஷ்டத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றி, புளியமரத்தை விசாரித்துவிட்டு நின்றது.

"இந்த டயரை வச்சுக்கிட்டு எம்புள்ளைய நான் வண்டி ஏத்த மாட்டேன்" என்றாள் அம்மாசியின் மனைவி சாலம்மாள். "மாத்துங்க. இல்லாட்டி நீங்களே பெத்துக்கங்க."

அம்மாசி முப்பத்தாறு வருஷம் நாமக்கல் லாரி ஓட்டியவர். டயர் பார்க்க அவருக்கு ஒரு இரும்புக் கம்பி போதும். தட்டுவார். காது கொடுத்துக் கேட்பார். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் கடைக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான் தேர்வு.

ஆனால் அவருக்கு ஒரு மகன் இருந்தான். கோகுல்ராஜ். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஏதோ ஒரு நாட்டுக்கு வேலை பார்ப்பவன். பதினைந்து வருஷமானால் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்தை அவன்தான் போனில் நிரப்பினான். வாகன வகை என்ற இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று, சாதாரணக் குடும்ப வாகனம். இன்னொன்று, அனைத்துப் பருவக் குடும்ப வாகனம். இரண்டாவதை அழுத்தினான்.

"ஏண்டா அழுத்துன?"

"கெத்தா இருந்துச்சுப்பா."

அந்தக் கெத்து அம்மாசியைச் சேலத்தில் அனைத்துப் பருவச் சக்கர ஒப்புதல் அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அப்படி ஓர் அலுவலகம் இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் அவ்வப்போதுதான் தெரியும். அலுவலர் பெயர் அறிவழகன். படிவத்தைப் பிரித்தார்.

"உங்க ஊர்ல பருவம் எத்தனை?"

"ரெண்டுங்க சார். வெயிலு. அப்புறம் கொஞ்சம் கம்மி வெயிலு."

"தப்பு. ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இது அரசு ஏற்றுக்கொண்ட பட்டியல்."

"ஏத்துக்கட்டுங்க. எனக்கு நாலு டயரு வேணும்."

"அங்கதான் வர்றேன். பதினாலாம் கட்டம். பனி உண்டா?"

இங்கேதான் அம்மாசி தப்புப் பண்ணினார். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னார்.

"மார்கழியில பெய்யுமுங்க. காலையில குல்லா இல்லாம வாசப்படி தாண்ட முடியாது."

அறிவழகன் 'உண்டு' என்பதில் டிக் அடித்தார். அம்மாசி கையெழுத்துப் போட்டார்.

தமிழில், வாசல் கோலத்தை நனைக்கிற பனியும் பனிதான். இமயமலையில் ஆளை மூடுகிற பனியும் பனிதான். படிவம் எங்கோ ஒரு குளிர்நாட்டிலிருந்து வந்தது. தமிழாக்கியவர் பனி என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எந்தப் பனி என்று கேட்க ஆளில்லை. எந்திரம் தாளைத் துப்பியது.

'மேற்படி வாகனம் கடும் பனிப்பொழிவுப் பகுதியில் இயங்குவதால், மலை முத்திரை பொறித்த பனிச் சக்கரங்கள் மட்டுமே அதில் பொருத்தப்பட வேண்டும் என்று இதனால் ஆணையிடப்படுகிறது.'

டயர் கடை ஜெயபிரகாஷ் அதை இரண்டு முறை படித்தார். உள்ளே போய், எந்தக் காலத்திலோ தவறி வந்து கிடந்த ஒரு டயரைத் தூசி தட்டி உருட்டி வந்தார். அதன் பக்கவாட்டில் மூன்று முகடு வைத்த மலை. நடுவில் ஒரு பூ.

"இது எந்த மலை? ஏற்காடா?"

"ஏற்காடு ஏதுங்கண்ணா இவ்வளவு கூரா இருக்குது? இது வெளிநாட்டு மலை. நடுவுல இருக்கறது ஐஸுப் பூவு."

அம்மாசி கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"என்னப்பா இது, அல்வாவா?"

"ஐஸுல புடிச்சு நிக்கோணும்னு மெத்துனு செஞ்சிருக்கான். நம்மூரு வெயிலுக்கு ரெண்டே மாசம். கரைஞ்சுரும்."

கோகுல்ராஜுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. டயருக்குப் பக்கத்தில் குந்தி நாலு போட்டோ எடுத்தான். சாயங்காலத்துக்குள் ஊரில் பதினோரு பேர் மலை டயர் வேண்டும் என்றார்கள். அதில் ஒருவனிடம் இருந்தது மொபட்.

அம்மாசி கம்பியை எடுத்தார். சாதாரண டயரில் நாலு தட்டினார். நாலும் டங். மாட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுவாரம், பதினாலாம் கட்டத்தை அடித்துவிடச் சொல்லி அலுவலகத்துக்குப் போனார்.

"நான் சொன்னது நம்மூரு பனிங்க சார். புல்லு மேல நிக்குமே, அது."

"நின்னா பனிதானே?"

"சூரியன் வந்தா போயிருமுங்க."

"இமயமலையிலயும் சூரியன் வந்தா உருகத்தான் செய்யும். உங்க முகவரியப் பாருங்க. பனமரத்துப்பட்டி வழி. பேர்லயே பனி இருக்கு."

"அது பனை மரமுங்க!"

"ஒரு சுழி குறையுது. எழுதினவர் விட்டிருப்பார். சரி, நேர்ல வந்து ஆய்வு பண்றேன்."

மார்கழி பத்தாம் தேதி, காலை ஆறு மணிக்கு ஜீப் வந்தது. ஸ்வெட்டர், சால்வை, குல்லா. அறிவழகனில் வெளியே தெரிந்தது கண் மட்டும். காரின் பானெட்டைத் தொட்டார். கை நனைந்தது. வாயைத் திறந்து ஊதினார். புகை வந்தது. இரண்டு முறை தும்மினார். மூன்றையும் ஆதாரமாகக் குறித்துக்கொண்டார்.

"பனி ஐயமற மெய்ப்பிக்கப்பட்டது."

ஊர் திரண்டிருந்தது. அம்மாசி திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லுங்கப்பா. இது அந்தப் பனியா?"

ஊர் சிரித்தது. சொல்லவும் வாயெடுத்தது. அதற்குள் யாரோ கேட்டார்கள், "ஏனுங்க சார், பனின்னு எழுதுனா ஏதாச்சும் குடுப்பாங்களா?"

"பாதிக்கப்பட்ட பகுதின்னா வீட்டுக்கு ஒரு கம்பளி உண்டு."

சிரிப்பு நின்றது. அப்புறம் பனி கூடிக்கொண்டே போனது. ஒருவர் தன் ஆடு கெட்டியாகிவிட்டது என்றார். இன்னொருவர் நேற்றுப் பனியில் வழி தெரியாமல் பக்கத்து ஊட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். அரை மணி நேரத்தில் ஊரே மகஜரில் கையெழுத்துப் போட்டது. கடைசிக் கையெழுத்து சாலம்மாளுடையது.

"நீயுமா?" என்றார் அம்மாசி.

"புள்ள பொறக்கப்போவுது. கம்பளி வேண்டாமா?"

ஒரே வாரம். ஏரிக்கரை வளைவில் இரும்புத் தடுப்பு, சங்கிலி, பூட்டு, பலகை. 'கடும் பனிப்பொழிவுப் பகுதி. மலை முத்திரைச் சக்கரம் இல்லாத நான்கு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை.' காவலுக்கு உள்ளூர் ரங்கன். கம்பளி மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, வழியில் பனியில் சிக்கிக்கொண்டது என்று அலுவலகம் எழுத்துமூலம் தெரிவித்தது.

தை மூன்றாம் தேதி, பகல் பதினொரு மணி. மண்டையைப் பிளக்கும் வெயில். மஞ்சுளா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்பா, வண்டிய எடுங்க."

எடுத்தார். தடுப்பில் ரங்கன் கையைக் காட்டினான். கம்பளிக் குல்லாவிலிருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, டயர்ல மலை இல்லீங்களே."

"வலி வந்திருச்சுடா. தொற!"

"தொறக்க எனக்கென்னங்க? மலை இருந்தாத்தான் தொறக்கோணும்னு எழுதியிருக்குது. பனி உண்டுன்னு மொதக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானுங்களே."

"ஆம்புலன்சையாச்சும் கூப்பிட்டு உள்ள உடு" என்று பின்சீட்டிலிருந்து கத்தினாள் சாலம்மாள்.

"அதுக்கும் நாலு சக்கரந்தானுங்கக்கா."

"பனி எங்கடா பெய்யுது?" என்றார் அம்மாசி.

ரங்கன் அண்ணாந்து பார்த்தான். கண் கூசியது. "பெய்யறப்பப் பெய்யுமுங்க."

மஞ்சுளா பல்லைக் கடித்தாள். அந்தச் சத்தம் அம்மாசிக்குக் கேட்டது. சாலம்மாளின் மடியில் வெற்றிலைப் பை இருந்தது. வெடுக்கென்று சுண்ணாம்பு டப்பாவைப் பிடுங்கினார். இறங்கினார். முன்டயரில் விரலால் இரண்டு கோடு, ஒரு முகடு, நடுவில் ஒரு பொட்டு. அடுத்தது. அதற்கடுத்தது. நாலாவது மலை அவசரத்தில் இட்லி மாதிரி வந்தது.

ரங்கன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். ஒவ்வொரு டயரிடமும் குனிந்தான். நோட்டில் எழுதினான்.

"மலை நாலு. சரியா இருக்குது. போயிட்டு வாங்க மாமா."

வளைவில் புது டயர் ரோட்டைக் கவ்விப் பிடித்தது. ஒன்றரை மணிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

ஐந்தாம் நாள் திரும்பினார்கள். தடுப்பில் பதினான்கு வண்டிகள் நின்றன. பதினான்கு பேரும் குந்தி மலை வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மலையோடு மயிலும் வரைந்திருந்தார். அறிவழகனின் ஜீப்பும் நின்றது. அதிலும் சுண்ணாம்பு மலை. அவர் மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்.

இதை அலுவலகம் சும்மா விடவில்லை. ஆளுக்கொரு உயரத்தில் மலை இருப்பது ஒழுங்குக்குக் கேடு என்று கண்டது. 'அங்கீகரிக்கப்பட்ட மலை வரைவாளர்' என்று ஒரு பதவியை உண்டாக்கியது. தகுதி இரண்டு. மலைப்பாதையில் வண்டி ஓட்டியிருக்க வேண்டும். டயரில் மலை வரைந்த முன் அனுபவம் வேண்டும். வட்டாரத்தில் ஒரே ஆள்தான் தேறினார்.

"கிறுக்குப் பசங்க" என்று அம்மாசி ஆணையைக் கசக்கினார்.

மறுநாள் நாற்காலி வந்தது. பெரிய குடை வந்தது. ரப்பர் முத்திரை வந்தது. வட்டமான முத்திரை. பார்க்கலாம் என்று ஒரு தடவை குத்தினார். நன்றாகப் பதிந்தது. இன்னொரு தடவை குத்தினார்.

சித்திரை வந்தது. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. பனி முடிந்தது என்று உத்தரவு வரவில்லை. ஆகவே பனி முடியவில்லை. தடுப்புக்குப் பக்கத்தில், குடைக்குக் கீழே, கம்பளிக் குல்லாவோடு அம்மாசி உட்கார்ந்திருந்தார். காலடியில் சுண்ணாம்புச் சட்டி. ராசிபுரத்திலிருந்து ஒரு கார் வந்து நின்றது. மருமகன் குமரன். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப் போக நல்ல நாள் பார்த்து வந்திருந்தார்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? தடுப்பத் தூக்கச் சொல்லுங்க."

"மலை எங்கீங்க மாப்பிள்ளை?"

"நாந்தானுங்க மாமா. குமரன்."

"தெரியுதுங்க." அம்மாசி படிவத்தை எடுத்தார். ஒரு சொட்டு வேர்வை அதில் விழுந்தது. துடைத்துவிட்டுப் படித்தார். "பதினாலாம் கட்டம். உங்க ஊர்ல பனி உண்டா?"

குமரன் சூரியனைப் பார்த்தார். மாமனாரின் குல்லாவைப் பார்த்தார். பின்னால் எட்டு வண்டி ஹாரன் அடித்தது.

"உண்டுங்க" என்றார்.

அம்மாசி டிக் அடித்து முத்திரையைக் குத்தினார். அந்த நிமிஷத்திலிருந்து ராசிபுரத்திலும் பனி பெய்ய ஆரம்பித்தது.