கிளட்சுக்குத் தெரிந்த கால்

லிஃப்ட் ரிப்பேர்க்காரருக்கு ஒரு மனைவி, ஒரு கார். இரண்டில் எது உங்கள் பேச்சைக் கேட்கும் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் காரைக் காட்டுவார்.

அவர் கைக்கு வருமுன்பே அந்தக் கார் இரண்டு பேரிடம் உழைத்துக் களைத்திருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறக்கவேண்டும். மூன்றாவது கியர் கெஞ்சினால்தான் விழும். ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கிக் குனிந்தாரானால் மதியம்வரை தெருவுக்கு அவருடைய முதுகுதான் தரிசனம். நிமிரும்போது முகமெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் பல்.

அந்த ஸ்டியரிங்கை வேறு ஒருவரும் தொட்டதில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். லைசென்ஸ் எடுத்துப் பல வருஷமாகியும், பஸ்ஸில் நசுங்கிக்கொண்டுதான் டூட்டிக்குப் போய்வந்தாள்.

“இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே? வண்டியை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?”

“எடுக்கலாம். ஆனா அந்தக் கிளட்சுக்கு என் காலைத்தான் தெரியும்.”

“என் காலையும் அறிமுகப்படுத்தி வைங்களேன்.”

“புதுக் கால்னா மிரண்டுடும்.”

“அது வண்டியா, குதிரையா?”

“நான் ஏறி உக்காந்தா குதிரை!”

அவர் மீசையைத் தடவிக்கொள்வார். அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள்.

ஒருநாள் எதிர்வீட்டுப் பல் டாக்டர் பளபளவென்று ஒரு புதுக் காரில் வந்து இறங்கினார். லீசு. மாதாமாதம் பணம் கட்டி மூன்று வருஷம் ஓட்டலாம்; பிறகு கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

“இரவல் வண்டி!” என்று லிஃப்ட்காரர் ஜன்னலருகே நின்று உதட்டைப் பிதுக்கினார். “மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாதவனுக்கு அதான் லாயக்கு.”

“ஆமாங்க,” என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கியபடி. “உங்களுக்கு அது சரிப்பட்டு வராது.”

அவர் திரும்பினார். “சரிப்பட்டு வராதுன்னா?”

“அதுல சாவியே கிடையாதாம். எல்லாம் பட்டனாம். எதிர்ல ஒரு திரை, அதுல என்னென்னமோ ஓடுதாம். டாக்டரே தடுமாறறாராம். உங்க வயசுக்கு…”

“வயசுக்கு என்ன? பட்டனைப் பார்த்துப் பயப்படறவன் லிஃப்ட் ரிப்பேர் பண்ண முடியுமா? எத்தனை மாடிக் கட்டடம் என் கையால ஏறி இறங்குது தெரியுமா?”

“நானும் அதைத்தான் டாக்டர் வீட்டம்மாகிட்டச் சொன்னேன். அவங்க சிரிக்கறாங்க.”

அந்தச் சிரிப்பு அவர் காதுக்குள் குடியேறிவிட்டது. அடுத்த வாரமே அந்த லீசுக் கம்பெனிக்குப் போனார். நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். டாக்டருடையதைவிட ஒரு சாண் நீளமான காரில், தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“என்னங்க இது, நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா!” மனைவி கன்னத்தில் கை வைத்தாள்.

“இந்த வீட்டுல முடிவு பண்ண வேற யாரு இருக்கா?”

“அப்ப பழசை வித்துடலாம்.”

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “விக்கறதா? நான் வளர்த்த வண்டி!”

“சும்மா நின்னா பேட்டரி செத்துடுமே. தினம் யாராவது ஓட்டணும். நம்ம வீட்டுல யாரு இருக்கா?” என்று சுற்றுமுற்றும் பார்த்தாள், ஆள் தேடுகிறவள்போல.

புதுக் காரின் வாசனை அவர் தலைக்கு ஏறியிருந்தது. தலையில் கிரீடம் இருந்தால் அதையும் கழற்றிக் கொடுத்திருப்பார். “உன் பேருக்கே மாத்தித் தர்றேன். வெச்சுக்கோ!” என்றார். மாற்றியும் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து கதவு, கியர் எல்லாவற்றின் குணத்தையும் சொல்லிக்கொடுத்தார். கிளட்ச் மிரளவே இல்லை. அதுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

புதுக் காரை உறவுக்காரர் வீடு ஒன்று பாக்கியில்லாமல் கொண்டுபோய்க் காட்டினார். சண்டைபோட்டுப் பேச்சு நின்றுபோன மச்சான் வீட்டுக்குக்கூடப் போய், இறங்காமல் ஹாரன் மட்டும் அடித்துவிட்டு வந்தார். அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“சார், இந்த வருஷத்துக்கு நீங்க ஓட்டலாம்னு லீசுல போட்டிருக்கற தூரம் முடியப்போகுது. அதுக்கு மேல ஓட்டினா தனியாக் கட்டணும். கீறல் விழுந்தாலும் தனி.”

“சரிம்மா. ஞாயித்துக்கிழமை பானெட்டைத் திறந்து கொஞ்சம் உள்ளே…”

“ஐயோ, கையே வைக்காதீங்க சார்!”

புதுக் கார் உறை போட்டு மூடப்பட்டது. மறுநாள் காலை மனைவி பழைய காரைக் கிளப்பினாள். ஒரே உறுமலில் எழுந்துகொண்டது. லிஃப்ட்காரர் கருவிப்பையோடு ஓடிவந்து, பழக்க தோஷத்தில் அவள் பக்கத்துக் கதவைப் பிடித்தார்.

“அந்தப் பக்கம் ஏறுங்க. போற வழியில இறக்கி விடறேன்.”

ஏறினார். மூன்றாவது கியர் கெஞ்சாமலே விழுந்தது. “பாத்தியா, எல்லாம் நான் பராமரிச்ச அழகு!” என்றார்.

“வேற யாரால முடியும்?” என்றாள் அவள், மனதார.

குளிர்ந்துபோனார். இதுதான் சமயம் என்று குரலைத் தணித்துக் கேட்டார்: “மூணு வருஷம் கழிச்சு அதைத் திருப்பிக் குடுத்துடுவோம். அப்புறம் இந்த ஸ்டியரிங் எனக்குத்தானே?”

அவள் கண்ணாடியைப் பார்த்து, முன்னால் போன பஸ்ஸை லாகவமாக முந்தினாள்.

“அதுக்குள்ள உங்களுக்கு அந்தப் பக்கத்து சீட்டு பழகிடுங்க.”